ஆடி வெயிலில் பன்னிரண்டு மான்கள்

என் மகள் பிறந்தது ஆடி மாதம். திருகோணமலையில் பட்டர் ஐசிங் செய்கிறவர்களுக்கு அதைவிடப் பொல்லாத மாதம் கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டில் கொட்டிவிட்டு, வெறும் சூட்டோடு எங்கள் பக்கம் இறங்கும். அதைத்தான் நாங்கள் கச்சான் என்கிறோம். வறுத்துக் கொறிக்கிற கடலைக்கும் எங்களிடம் அதே பெயர்தான். இரண்டுக்கும் ஏன் ஒரே பெயர் என்று மகள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அந்தக் காற்று வீசுகிற நாளில் குசினிக்குள் 34, 35 பாகை வெயில் நிற்கும். பட்டர் உருகுவதும் 32க்கும் 35க்கும் இடையில்தான். போன வருடம் அழகாகச் சுற்றி வைத்த ரோசாப்பூக்கள் எல்லாம் மேசைக்கு வரும்முன்பே சரிந்து கேக்கின் விளிம்பால் வழிந்தன. பிள்ளை அழவில்லை. எனக்குத்தான் நெஞ்சு பிசைந்தது.

இந்தமுறை அவளுக்கு 6 வயது. பெரிய கேக் வேண்டாம், மிருகம் வைத்த கப்கேக்தான் வேண்டும் என்று சித்திரையிலேயே சொல்லிவிட்டாள். ஆளுக்கொன்று கையில் கொடுத்துவிடலாம், வெட்டுகிற வேலையும் இல்லை என்று எனக்கும் அது பிடித்தது. போனில் படங்களைத் தேடி எடுத்து அவளைப் பக்கத்தில் இருத்திக் காட்டினேன். பண்டா, பென்குயின், நரி, சிங்கம் எல்லாம் நல்ல வடிவாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவள் கேட்டாள்: “அம்மா, எங்கட மான் எங்க?”

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் போனை மூடி வைத்துவிட்டேன். விடிந்தால் வீட்டு வாசலில் மான் நிற்கிற ஊர் எங்களுடையது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், டச்பே கடற்கரையில், கோட்டைக்குள் என்று எங்கே பார்த்தாலும் புள்ளிமான். நேரே கண்டறியாத பண்டாவை ஏன் இந்தப் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்க வேண்டும்? நாங்கள் இருவரும் இருந்து ஒரு கணக்கெடுத்தோம். 12 மான், 8 திமிங்கிலம், 6 ஆமை, 6 யானை, 4 சுறா. மொத்தம் 36. அவள் காகமும் கேட்டாள். அதை மட்டும் மறுத்தேன். கறுப்பு ஐசிங் பிள்ளைகளின் வாயையும் பல்லையும் வெள்ளைச் சட்டையையும் விடாது. காகத்தை வேறொரு நாள் கடதாசியில் செய்வோம் என்று சொன்னேன், சரி என்றாள்.

மானை எப்படிச் செய்வது என்று பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது அவளிடம் கொப்பியையும் பென்சிலையும் கொடுத்தேன். கோயிலுக்கான பாதை பிரட்ரிக் கோட்டைக்குள்ளால் போகிறது. 1624இல் போர்த்துக்கேயர், இடித்த கோயிலின் கல்லை வைத்தே எழுப்பிய கோட்டை அது. இப்போது அந்த வாசலுக்குள் நுழைந்ததும் மர நிழலில் மான்கள்தான் படுத்திருக்கும். எத்தனையோ வருடமாக அதே பாதையால் போய் வருகிறேன். அன்றைக்குத்தான் ஒரு மானை உண்மையாக நின்று பார்த்தேன்.

முதலில் கண்டுபிடித்தது அவள்தான். “அம்மா, முகத்தில புள்ளி இல்லை.” உண்மைதான். போனில் பார்த்த மான் கப்கேக் எல்லாவற்றிலும் நெற்றியில் வெள்ளைப் புள்ளி வைத்திருந்தார்கள். எங்கள் மானுக்கு முகம் வெறும் கபில நிறம். தொண்டையில் ஒரு வெள்ளைத் திட்டு. புள்ளியெல்லாம் உடம்பில்தான். அதுவும் கண்டபடி தெளித்தது போல் இல்லை. முதுகெலும்பின் மேல் ஒரு கரிய கோடு ஓடுகிறது, அதன் இரண்டு பக்கமும் புள்ளிகள் வரிசை பிடித்து நிற்கின்றன. பல மான் இனங்களில் குட்டிக்கு மட்டும்தான் புள்ளி, வளர வளர மறைந்துவிடும். புள்ளிமானுக்கு அது சாகும்வரை இருக்கிறது. கொம்பு ஆணுக்கு மட்டும். அதனால் பன்னிரண்டில் நான்குக்குத்தான் கொம்பு வைக்க வேண்டும், மற்றதெல்லாம் அம்மா மானும் குட்டியும் என்று அவள் தீர்ப்புச் சொன்னாள்.

அப்புறம் ஒன்றைப் பார்த்தோம். ஒரு குட்டி, உடம்பை வளைத்து, தலையைத் தன் விலாவில் வைத்துப் படுத்திருந்தது. வட்டம். அப்படியே ஒரு கப்கேக்கின் அளவான வட்டம். முகத்தை மட்டும் செய்து காதை ஒட்டுவதுதான் எல்லோரும் செய்கிற வழி. அந்தக் குட்டியைக் கண்ட பிறகு எனக்கு முகம் செய்ய மனமே வரவில்லை. முதுகு விளிம்போடு வளைந்து வரட்டும், புள்ளிகளும் அந்த வளைவோடு ஓடட்டும், தலை நடுவில் சுருண்டு கிடக்கட்டும். முழு மானும் ஒரு கப்கேக்குக்குள் படுத்துவிடும்.

அப்படிப் படுக்க வேண்டுமென்றால் கேக்கின் மேல்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். கோபுரம் போல் எழும்பி வெடித்த கேக்கில் மான் சறுக்கி விழும். 180 பாகையில் சுட்டால் ஓரம் சட்டென்று இறுகி, நடுப்பகுதி மேலே முட்டி வெடிக்கும். 160இல் வைத்து, கடதாசிக் கிண்ணத்தைப் பாதிக்குச் சற்று மேலே மட்டும் நிரப்பி, 20, 22 நிமிடம் விட்டால் எல்லாம் ஒன்றாக எழும்பி மட்டமாக நிற்கும். 30 கப்கேக்குக்கு நான் எடுத்தது 300 கிராம் பட்டர், 300 கிராம் சீனி, 300 கிராம் கோதுமை மா, 5 முட்டை, 3 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 5 மேசைக்கரண்டி பால், ஒரு சிட்டிகை உப்பு, வனிலா. வீட்டு பட்டர் கேக்கின் சரிசம அளவுதான். புதிதாக எதுவும் இல்லை.

அம்மாவுக்கு இந்த 160, 180 எல்லாம் தெரியாது. நான் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் கரண்டும் இல்லை, ஓவனும் இல்லை. பெரிய அலுமினியச் சட்டிக்குள் மணல் பரப்பி, அதன்மேல் மாக் கலவை ஊற்றிய கிண்ணத்தை வைத்து மூடி, கீழே சிரட்டைத் தணல், மூடியின் மேலும் சிரட்டைத் தணல். கையை மூடிக்கு மேலே பிடித்துப் பார்த்துத் தணலைக் கூட்டுவா, குறைப்பா. அந்தக் கேக் ஒருநாளும் வெடித்ததில்லை. இந்தமுறை வந்து பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, ஓவன் கண்ணாடிக்குள்ளால் பார்த்து, “இப்ப எடு பிள்ளை” என்றா. மணி பார்த்தேன், 21 நிமிடம்.

ஐசிங்தான் என் பெரிய கவலை. தனிப் பட்டர் நிற்காது என்று போன வருடமே தெரிந்துவிட்டது. வெள்ளை நிறத் தாவரக் கொழுப்பு, கேக் சாமான் கடைகளில் நிறுத்துத் தருவார்கள், அது எங்கள் வெயிலைத் தாங்கும். ஆனால் தனியே அதை வைத்தால் வாயிலும் கரையாது, அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். பாதிக்குப் பாதிதான் வழி. 200 கிராம் பட்டர், 200 கிராம் வெள்ளைக் கொழுப்பு, 800 கிராம் ஐசிங் சீனி, இறுக்கத்துக்கும் ருசிக்கும் இரண்டு கரண்டி பால்மா. ஒரு கரண்டியை அள்ளித் தட்டில் வைத்து மத்தியானம் 12 மணிக்கு விறாந்தையில் விட்டுப் பார்த்தேன். ஒரு மணி வரைக்கும் கூர் மழுங்கவில்லை. அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கக் காட்டித் திரிந்தேன். அப்படி ஒரு சந்தோஷம். தேங்காய் எண்ணெய் கலந்து பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள், எங்கள் ஊருக்கு அது சரிவராது. அது 25 பாகைக்கே தண்ணீர்.

மிருகங்களின் தலை, வால், காதுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவ, மதிலடியில் நின்று கேட்டா: “புள்ள, அந்த மெதுவான வெள்ளை முட்டாசி போடுவீங்களா? அதுல ஜெலட்டின் இருக்கும். போடாட்டி எங்கட புள்ளைகளும் தின்னும்.” மார்ஷ்மெலோவைத்தான் சொன்னா. நல்ல வேளை சொன்னா. ஜெலட்டின் மிருகத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. மார்ஷ்மெலோவில், ஜெலி மிட்டாயில், உருவம் செய்வதற்குக் கடையில் வாங்குகிற பல சீனி மாவில் அது இருக்கிறது. ராத்தாவின் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, மரக்கறி மட்டும் சாப்பிடுகிற எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கும் அது ஆகாது. ஒரு மேசையில் ஒரு பிள்ளை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் அது என்ன பிறந்தநாள்? அன்றைக்கே முடிவெடுத்தேன், ஜெலட்டின் எதிலும் இல்லை.

பதிலுக்கு வீட்டிலேயே ஒரு பிசையல். பால்மா ஒரு கோப்பை, ஐசிங் சீனி ஒரு கோப்பை, பிடித்துப் பிசையும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ரின்பால், ரின்னில் வருகிற கெட்டியான இனிப்புப் பால். சப்பாத்தி மாப் பதம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதை உருட்டலாம், கிள்ளலாம், கத்தியால் கோடு போடலாம், ஒரு இரவு வைத்தால் காய்ந்து நிற்கும். கடைச் சீனி மாவைவிட ருசி. பாற்கோவா மாதிரி இருக்கும்.

முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்காக 6 மட்டும் தயிரில் செய்தேன். கிண்ணியாவில் இருந்து சட்டியோடு வருகிற எருமைத் தயிர் அவ்வளவு கெட்டி, 80 கிராம் மாவுக்கு 80 கிராம் தயிர் போட்டும் கலவை இறுக்கமாகத்தான் இருந்தது. கொஞ்சம் பால் சேர்த்தேன். கால் தேக்கரண்டி சோடா தயிரின் புளிப்போடு சேர்ந்ததும் கலவை நுரைத்து எழும்பும். உடனே ஓவனுக்குள் போக வேண்டும், காத்திருந்தால் அந்த எழுச்சி வீண். அந்த ஆறையும் பச்சைக் கடதாசிக் கிண்ணத்தில் சுட்டு ஆமையாக்கினேன். பச்சைக் கிண்ணம் என்றால் முட்டை இல்லை என்று யாருக்கும் விளங்கும். ஆமை ஓட்டில் கோடு போடுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பச்சை ஆமைக்கு நடு வரிசையில் 5 பெரிய தகடு, இரண்டு பக்கமும் நான்கு நான்கு. 13. மகள் ஒவ்வொரு ஆமையாக எண்ணிச் சரிபார்த்தாள்.

திமிங்கிலத்துக்கு நீலம் வேண்டும். கடை நிறம் வாங்கலாம், ஆனால் வேலியில் நீலக் காக்கணம், சங்குப்பூ என்பார்களே, அது பூத்துக் கொட்டுகிறது. பூவை உலர்த்தி, இரண்டு மேசைக்கரண்டி சுடுபாலில் ஊறவைத்துப் பிழிந்தால் நல்ல நீலம். அதை ஐசிங்கில் விட்டேன், கடல்பாசிப் பச்சையாகப் போயிற்று. பட்டரின் மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் வேறென்ன வரும்? பட்டர் சேர்க்காமல் வெள்ளைக் கொழுப்பில் மட்டும் ஒரு பங்கைத் தனியே அடித்து மறுபடி விட்டேன். இந்தமுறை நீலம் சரியாக வந்தது. தித்திப்பைக் குறைக்கலாம் என்று நினைத்து அரை மூடி தேசிக்காய் பிழிந்தேன். கண் முன்னாலேயே முழுவதும் ஊதாவாக மாறிவிட்டது. காக்கணம்பூ புளியைக் கண்டால் நிறம் மாறும் என்று தெரிந்தும் அந்த நேரம் கை முந்திவிட்டது. அந்தக் கிண்ணத்தை எறிய மனம் வரவில்லை. இரண்டு திமிங்கிலத்துக்கு அதையே பூசினேன். “இது பொழுதுபடேக்க வாற திமிங்கிலம்” என்று மகள் அதற்கு ஒரு கதை வைத்துவிட்டாள்.

திமிங்கிலத்தின் முழு உடம்பை எங்களில் யாரும் கண்டதில்லை. கோணேசர் கோயிலடி மலைப்பிளவான இராவணன் வெட்டில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால், வாய்ப்பிருந்தால் தூரத்தில் ஒரு மூச்சு வெள்ளையாக எழும்பும். கரைக்கு இவ்வளவு கிட்ட திமிங்கிலம் வருவதற்குக் காரணம் எங்கள் துறைமுக வாயிலில் இருந்தே கடலடியில் ஓர் ஆழமான பள்ளத்தாக்கு தொடங்குவதுதான். நிலாவெளிப் பக்கமிருந்து படகில் ஒருமுறை போனோம். நீலத் திமிங்கிலம் ஒன்று வாலைத் தூக்கி முங்கியது, அவ்வளவுதான். அந்த வால்தான் அவள் மனதில் நின்றது. அதனால் எட்டு கப்கேக்கிலும் அலை மாதிரி ஐசிங், நடுவில் வால் மட்டும். மீனின் வால் செங்குத்தாக நிற்கும், திமிங்கிலத்தின் வால் படுக்கைவாட்டில் அகன்றிருக்கும். நடுவில் ஒரு சின்ன வெட்டு. அந்த வெட்டை வைத்ததும் வால் உயிர் பெற்றுவிடுகிறது. சுறாவுக்கும் இதே வழிதான். புறாத்தீவுப் பக்கம் ஆழமில்லாத நீரில் திரிகிற சுறாவின் செட்டை நுனி கறுப்பு. முக்கோணமாக வெட்டிய பால்மாப் பிசையலின் நுனியைக் கொக்கோவில் தோய்த்துக் குத்தி வைத்தேன். நாலும் பத்து நிமிடத்தில் முடிந்தன.

யானைக்கு முதலில் தந்தம் வைத்தேன். இவர் பார்த்துவிட்டு, “கந்தளாய் றோட்டில எத்தனை யானை கண்டிருப்பம், தந்தத்தோட எத்தனை?” என்றார். சரியான கேள்வி. இலங்கையின் ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் தந்தம் கிடையாது. கழற்றிவிட்டேன். பதிலாகக் காது ஓரத்திலும் தும்பிக்கையிலும் பீட்ரூட் சாறு தொட்ட ஈர்க்கால் இளஞ்சிவப்புப் புள்ளி தெளித்தேன். எங்கள் யானைகளுக்கு அந்தச் சிவந்த தேமல் இருக்கும். தெளித்த பிறகு அது பொம்மை யானையாக இல்லை, வீதி கடக்கிற யானையாகவே இருந்தது.

மான்களைக் கடைசியாக, விடியப்புறம் 4 மணிக்குத் தொடங்கினேன். அந்த நேரம் குசினி குளிர்ந்திருக்கும், காற்றும் இராது. கொக்கோ சேர்த்த ஐசிங்கை முதல் நாளே செய்து வைத்திருந்தேன், இரவு கழிந்தால் நிறம் நன்றாக இறங்கும். சுடுநீரில் தோய்த்துத் துடைத்த கத்தியால் மேல்பக்கத்தை மழமழவென்று இழுத்து, விளிம்போடு கரிய முதுகுக் கோடு. பிறகு ஈர்க்கு. நுனியை நறுக்கி, வெள்ளை ஐசிங்கில் தொட்டு, கோட்டுக்கு மேலே ஒரு வரிசை, கீழே இரண்டு வரிசை. ஈர்க்கை நேரே குத்தி நேரே எடுக்க வேண்டும், சாய்த்து எடுத்தால் புள்ளி வால் இழுக்கும். முதல் மானில் புள்ளிகளை ஒரே அளவாக வைத்தேன், துணியில் அச்சடித்த மாதிரி இருந்தது. இரண்டாவதில் சில பெரிது, சில சிறிது, இடுப்புப் பக்கம் நெருக்கம். உடனே அது தோல் மாதிரி ஆனது. தலைக்கு நெல்லிக்காயளவு பிசையல், ஒரு பக்கம் கிள்ளி இழுத்தால் மூக்கு. காதுக்குக் கஜுவை, அதாவது முந்திரிப் பருப்பை, நீளவாட்டில் பிளந்து வைத்தேன், அந்த வளைவு மான் காதேதான். தொண்டையில் வெள்ளைத் திட்டு. கொம்புக்கு என்ன என்று இரண்டு நாள் யோசித்தேன். சொக்லேட்டில் செய்தால் உருகும். அம்மா முறுக்கு டப்பாவைத் திறந்து ஒன்றை உடைத்தா. வளைந்த துண்டு, முள்ளு முள்ளான விளிம்பு. நான்கு ஆண் மானுக்கும் கொம்பு கிடைத்துவிட்டது. இனிப்போடு அந்த உப்புக் கரகரப்பு எப்படி இருக்குமோ என்று இருந்தது. அன்று முதலில் தீர்ந்தது கொம்பு வைத்த மான்கள்தான்.

6 மணிக்கு மகள் எழும்பி வந்தாள். ஒன்றும் பேசவில்லை. நாடியை மேசையில் வைத்துக்கொண்டு மானின் உயரத்துக்குக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மிக மெதுவாக, “நித்திரை” என்றாள்.

பிரிட்ஜில் வைக்கவில்லை. வெளியே எடுத்ததும் எங்கள் ஊர் ஈரக்காற்றில் வியர்த்து நிறங்கள் ஒழுகும். எறும்புக்குத்தான் காவல் தேவை. மேசையின் நான்கு காலுக்கும் கீழே நான்கு கிண்ணம் தண்ணீர் வைத்து, மேலே கொசுவலையை விரித்து, சுவரில் முட்டாமல் மேசையை நடுவீட்டுக்கு இழுத்துவிட்டேன். பின்னேரம் 4 மணிக்கு முற்றத்தில் பாய் விரித்தபோதும் ஒரு மான்கூடக் கலையவில்லை.

பிள்ளைகள் முதலில் கை வைக்கத் தயங்கினார்கள். ராத்தாவின் மூத்தவன் சுறாவை எடுத்து அதன் கறுப்பு நுனியைக் காட்டி, இதைத் தான் நீந்தும்போது கண்டதாக மற்றவர்களுக்குச் சொன்னான். ஒரு பிள்ளை தன் யானையைச் சாப்பிடாமல் வீட்டுக்குக் கொண்டு போனது. ஆமையின் பச்சைக் கிண்ணத்தைப் பார்த்து முட்டை சாப்பிடுகிற பிள்ளைகளும் அதையே கேட்டார்கள், அதுதான் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது.

எல்லோரும் போன பிறகு மகள் ஒரு கப்கேக்கை எடுத்துக்கொண்டு கேற்றடிக்கு ஓடினாள். வெளியே ஒரு பெண் மான் நின்றது. கூப்பிட்டு நிறுத்தினேன். நாங்கள் தின்பது அதற்குச் சாப்பாடு இல்லை. ருசி கண்டுவிட்டால் குப்பைக்குள் தலையை விட்டுப் பொலித்தீனையும் சேர்த்துத் தின்னும், அப்படித் தின்று செத்த மான்கள் இந்த ஊரில் இருக்கின்றன. அவளிடம் அதைச் சொன்னேன். முகம் வாடியது. பிறகு கப்கேக்கை என் கையில் தந்துவிட்டு, பையொன்றை எடுத்துக்கொண்டு முற்றத்தில் கிடந்த கடதாசிக் கிண்ணங்களைப் பொறுக்கத் தொடங்கினாள். இனிப்பு ஒட்டிய அந்தக் கடதாசிதானே மானுக்கு முதலில் மணக்கும்.

வீட்டுக்குப் போன யானையையும் என் கையில் இருந்ததையும் கழித்தால் 34 இருக்க வேண்டும். 33தான் கிடைத்தது. பாயைத் தூக்கிப் பார்த்தோம், மதிலடியில் டோர்ச் அடித்துத் தேடினோம், வேலிக் காக்கணத்துக்குள்ளும் பார்த்தோம். இருட்டிவிட்டது. கேற்றை மூடிவிட்டு உள்ளே வந்து, பாயிலேயே உறங்கிப்போயிருந்த எங்கள் சின்னவனைத் தூக்கியபோது அவன் காற்சட்டைப் பையில் ஏதோ நசுங்கியது. முப்பத்தி நாலாவது கிண்ணம். அதற்குள் ஊதா நிறத் திமிங்கில வால் உடையாமல் இருந்தது.